பழைய கேனன் 5டி மார்க் 3: கைப்பிடியை முன்வைத்துத் தேர்ந்தெடுத்த கேமராவின் நீண்டகால அனுபவம்

கோலாலம்பூரில் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான், வேறொருவர் பயன்படுத்திய பிறகு விலைக்கு வந்த கேனன் 5டி மார்க் 3 கேமராவைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 2012-இல் வெளிவந்த, 22.3 மெகாபிக்சல் கொண்ட அந்தக் கேமராவின் படத்தரம் திருமண ஆல்பத்துக்கு இன்றும் தாராளமாகப் போதும். அதே ஆண்டில் வந்த நிக்கான் டி800-இன் படத்தரமும் போதும். ஆகவே பழைய தொழில்முறைக் கேமராக்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கையில் எப்படி அமர்கிறது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலிருந்து பார்வையை எடுக்காமலேயே விரல்களால் எவ்வளவு வேலையை முடிக்க முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

லென்ஸ் இல்லாமல், பேட்டரியும் மெமரி கார்டும் சேர்ந்து இந்த கேமராவின் எடை 950 கிராம். தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டுவதற்காக நான் அதிகம் பயன்படுத்தும் 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. முகூர்த்த வேளையில் மணமேடையைச் சுற்றி உறவினர்கள் நெருக்கி நிற்கும்போது, தாலி எந்த நொடியில் கட்டப்படும் என்று தெரியாமல் இந்த எடையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்க வேண்டியிருக்கும். இடக்கை லென்ஸின் அடியைத் தாங்குகிறது. வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் கைப்பிடியைச் சுற்றி முழுமையாக அமர்வதால், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சுமை ஏதுமின்றி வேலைக்குத் தயாராக இருக்கின்றன. 2018-இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் தலைமுறைக் கேமராவையும் சில நிகழ்ச்சிகளில் கையாண்டிருக்கிறேன். பேட்டரியோடு 650 கிராம்தான்; சிறிய 35 மில்லிமீட்டர் லென்ஸோடு நாள் முழுவதும் கழுத்தில் கிடந்தாலும் தெரியாது. ஆனால் பெரிய லென்ஸை மாட்டியதும் என் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லாமல் கீழே நழுவி நிற்கிறது. மற்ற இரண்டு விரல்கள் சுமையை ஏற்க, மாலைக்குள் மணிக்கட்டில் வலி தொடங்கிவிடுகிறது. எடை குறைந்த கேமராவே கைக்கு எளிது என்ற எண்ணம் கனமான லென்ஸ்களோடு வேலை செய்பவருக்குப் பொருந்தாது.

பொத்தான்களின் இட அமைப்பைப் பொறுத்தவரை தைப்பூசத்தைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பத்துமலையின் 272 படிகளிலும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். காவடியைத் தொடர்ந்து குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடும். அந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, உடனே மாற்றியாக வேண்டும். கேனனில் அதற்கான பொத்தான் ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், மேற்பரப்பின் வலப்பக்கத்தில் இருப்பதால், ஆள்காட்டி விரலைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி அழுத்திவிட்டு முன் டயலைச் சுழற்றினால் போதும். டி800-இல் அந்தப் பொத்தான் இடப்பக்க மேற்பகுதியில் இருக்கிறது. லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும் இடக்கையை விடுவித்தால்தான் அதைத் தொட முடியும். முக்காலியில் வைத்து வேலை செய்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. கூட்டத்தில் தள்ளப்பட்டுக்கொண்டே படம் பிடிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு.

நிக்கான் முந்தும் இடமும் உண்டு. அதன் பவர் சுவிட்ச் ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருப்பதால் தோளிலிருந்து எடுக்கும்போதே ஒரு விரலால் கேமராவை இயக்கிவிடலாம். கேனனில் அது இடப்பக்க டயலின் அடியில் இருக்கிறது. நான் நிகழ்ச்சி முடியும்வரை அதை அணைப்பதே இல்லை. உறங்கும் கேமராவை ஷட்டரின் அரை அழுத்தத்தால் எழுப்பிக்கொள்கிறேன்.

கேனனின் பின்புறத்தில் கட்டைவிரலால் சுழற்றும் பெரிய பின்சக்கரம் 1989-இல் வந்த ஈ.ஓ.எஸ்.-1 ஃபிலிம் கேமராவிலேயே தொடங்கியது. வளைந்த கைப்பிடியும் ஆள்காட்டி விரலுக்கான டயலும் அதற்கும் முன்பு, 1986-இல் வந்த கேனன் டி90 (T90) ஃபிலிம் கேமராவிலிருந்தே வருகின்றன. இவ்வளவு காலம் மாறாத அமைப்பு என்பதால், கேனனின் 1டி எக்ஸ் போன்ற பெரிய கேமராவை ஒருநாள் இரவல் வாங்கினாலும் விரல்கள் தடுமாறுவதில்லை. கேனனிலிருந்து நிக்கானுக்கோ அங்கிருந்து இங்கோ மாற நினைப்பவர்கள், லென்ஸைப் பூட்டும் திசைகூட இரண்டிலும் நேர்மாறானது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

காவடி நெட்டுவாக்கில் உயர்ந்து நிற்பது. ஆகவே அன்றைய படங்களில் பெரும்பாலானவற்றை நான் நிமிர்த்திப் பிடித்துத்தான் எடுக்கிறேன். அப்படிப் பிடிக்கும்போது கைப்பிடியாக உதவ, கேமராவின் அடியில் பொருத்தும் பிஜி-ஈ11 என்ற கூடுதல் பேட்டரி கிரிப்பில் ஷட்டர், டயல், ஃபோகஸைத் தொடங்கும் ஏஎஃப்-ஆன் பொத்தான் ஆகியவற்றோடு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கும் உண்டு. இதற்கு முந்தைய மாடலான 5டி மார்க் 2-க்கான கிரிப்பில் அந்த ஜாய்ஸ்டிக் இல்லை. இந்த ஒன்றுக்காகவே மார்க் 2-ஐ விட்டு, கூடுதல் விலை கொடுத்து மார்க் 3-ஐ வாங்குவது தகும் என்பேன்.

நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் கேமராவின் ரப்பரைத்தான் முதலில் பதம் பார்க்கின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஊறி, கட்டைவிரல் அமரும் பகுதியில் ரப்பர் உப்பி ஓரம் எழும்பியிருந்தால், பிடி உறுதியாக அமையாது. மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜாய்ஸ்டிக்கை எல்லாத் திசைகளிலும் நகர்த்திப் பாருங்கள். இரண்டு டயல்களையும் மெதுவாக ஒவ்வொரு சொடுக்காகச் சுழற்றி, எண் பின்வாங்கியோ தாவியோ போகிறதா என்று கவனியுங்கள். ஷட்டர் எண்ணிக்கையைப் பலர் முதலில் கேட்கிறார்கள். இந்த மாடலின் ஷட்டர் 150,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஆனால் எடுத்த படங்களின் எண்ணிக்கையை கேமராவின் மெனு காட்டாது, தனி மென்பொருள்தான் வேண்டும். கை படும் பாகங்களோ கேமரா எப்படிப் புழங்கப்பட்டது என்பதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடுகின்றன.

புடு பிளாசாவைப் போல பழைய கேமராக் கடைகள் அருகருகே இருக்கும் இடத்துக்குச் செல்லும்போது, உங்களிடம் இருப்பவற்றுள் மிகக் கனமான லென்ஸையும், கண்ணாடி அணிபவராக இருந்தால் வேலைக்கு அணியும் அதே கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். லென்ஸை மாட்டி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, கை தளரத் தொடங்கும்வரை பிடித்திருங்கள். வியூஃபைண்டரின் நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்குக் கை சிறியது. நான் புகழும் இந்தக் கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் பின்சக்கரத்தை எட்டுவதற்குள் பிடி தளர்ந்துவிடுகிறது. அவர் அந்த சோனியையே வாங்கி, அடியில் பொருத்தும் கிரிப்பால் சுண்டுவிரலுக்கு இடம் செய்துகொண்டார். அவருடைய கைக்கு அதுவே சரியான தேர்வு.