பேஸ்பால் சாவன்ட்: பந்து எத்தனை அடி போச்சு?

டெக்சாஸ் ஆர்லிங்டனில் எங்களோடு தங்க வந்த அப்பா, டிவியில் ஒரு ஹோம் ரன்னுக்கு (நம்ம சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) 431 அடி என்று போட்டதும் கேட்டார்: "கேலரியில விழுந்த பந்துக்கு யாருப்பா டேப் பிடிச்சாங்க?" பதில் தெரியாமல்தான் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் புள்ளிவிவரத் தளமான பேஸ்பால் சாவன்ட்டைத் திறந்தேன். இலவசம். ரெண்டு சீசனாக அதைத்தான் மேய்கிறேன்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிபட்ட பந்துகளை வரிசையாகப் போடுகிறார்கள்: மட்டையை விட்ட வேகம், கிளம்பிய கோணம், தூரம். முதல் நாளே குழம்பினேன். மணிக்கு 104 மைல் வேகத்தில் அடித்த பந்துக்கு 7 அடி தூரமாம்! கோணத்தைப் பார்த்தால் மைனஸ் 20 டிகிரி. அதாவது தரையைப் பார்த்து அடித்த பந்து. முதலில் தரையைத் தொட்ட இடம்தான் கணக்கு; அப்புறம் அது உருண்டு அவுட்ஃபீல்டு வரை போனாலும் சேர்த்தி இல்லை.

ஹோம் ரன்னுக்கு வேறு மாதிரி. கேலரியே இல்லாவிட்டால் பந்து மைதான மட்டத்தில் எங்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். 2019 ஜூனில் இதே ஊரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் வீரர் நோமர் மசாரா மேல்தள கேலரிக்கு அனுப்பிய பந்தின் 505 அடியும் அப்படி வந்ததுதான். 2020 முதல் இந்தக் கண்காணிப்பு ஹாக்-ஐ கேமராக்கள் வசம். எல்பிடபிள்யூவுக்குக் காட்டுவார்களே, அதே ஹாக்-ஐ என்றதும் அப்பா சமாதானமானார்.

1953-இல் வாஷிங்டனில் அந்தக்கால நட்சத்திரம் மிக்கி மேன்டில் அடித்ததற்குச் சொல்லப்படும் 565 அடி, மைதானத்துக்கு வெளியே பந்து கிடைத்த இடம் வரைக்குமான தூரம். அதையும் மசாராவின் 505 அடியையும் ஒரே பட்டியலில் வைத்துச் சண்டை போடுபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

எனக்குப் பிடித்தது, ஓர் அடி லீக்கின் 30 மைதானங்களில் எத்தனையில் ஹோம் ரன் ஆகியிருக்கும் என்று காட்டும் கட்டம். டென்வர் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். பாஸ்டனில் இடது பக்கம் 37 அடிச் சுவர். வெறும் தூரத்தை வைத்து என்ன தெரியும்?

குறை? போனில் பார்க்கக் கண் வலிக்கிறது, கட்டங்கள் அவ்வளவு நெருக்கம். மீட்டர் கணக்கும் இல்லை. 431 அடி என்றால் 131 மீட்டர் என்று அப்பாவுக்கு நான்தான் பெருக்கிச் சொன்னேன்.

ஐந்துக்கு நான்கு.