பைன் மரத்துக்கு ‘வைத்தியம்’ பார்க்க வருபவர்களிடம் உஷார்

வீட்டை ஒட்டிப் பெரிய பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மர வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம் எங்களிடம் நல்ல தொகை வாங்கிக்கொண்டு, இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனது. பெயர் வேண்டாம், செய்த வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் பைனின் தூரில், தரையை ஒட்டி ஒரு காளான் முளைத்திருந்தது. மேல்புறம் பழுப்பாக, மெல்லிய ரோமம் படிந்து, ஓரம் மட்டும் மஞ்சள். வந்தவர் அதை அரிவாளால் சீவி எறிந்தார். பக்கத்துப் பொந்தை உளியால் நன்றாகச் சுரண்டி, சிமென்ட் அடைத்து, மேலே தார் பூசினார். அப்புறம் தண்டில் துளை போட்டு ஏதோ ஊசி மருந்து. “இலையெல்லாம் பச்சையா இருக்கு பாருங்க, இனி பயமே இல்லை” என்று சொன்னதோடு, எழுதியும் கொடுத்தார்.

அடுத்த பெருங்காற்றில் மரம் தூரோடு முறிந்தது. நல்லவேளை, ஆளில்லாத பக்கம். முறிந்த இடத்தில் வைரம், அதாவது கெட்டியான நடுக்கட்டை, இருக்க வேண்டிய பகுதி கரும்பழுப்பாக, கட்டம் கட்டமாக வெடித்துக் கிடந்தது. விரலால் நசுக்கினால் பொடி. சிமென்ட் கட்டி மட்டும் அப்படியே இருந்தது, அதைச் சுற்றிலும் ஈரம் கோத்துப்போய்.

இது ஃபேயோலஸ் ஷ்வைனிட்சி என்ற பூஞ்சையின் வேலை. வேர் வழியாகவும் அடிமரக் காயம் வழியாகவும் நுழைந்து, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, நாரைப் பிணைக்கும் லிக்னினை விட்டுவைக்கும். எடை பெரிதாகக் குறையும் முன்பே வலு போய்விடும். வைரம் உயிரற்ற பகுதி; நீர் ஏறுவது வெளிக்கட்டையில். அதனால் உள்ளே உளுத்தாலும் மேலே பசுமை குறையாமல் இருக்கலாம். ஊசி மருந்தும் நீரோட்டத்தோடு வெளிக்கட்டையில்தான் போகும், வைரத்தை எட்டாது. வெளியே தெரிகிற காளான் வெறும் காய்தான், பூஞ்சையின் உடல் மரத்துக்குள் இருக்கிறது.

உளியால் சுரண்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காயத்தைச் சுற்றி மரமே தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும் என்று அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ 1970களிலேயே விளக்கிவிட்டார். அந்தச் சுவரைக் குடைந்தால் அழுகல் நல்ல கட்டைக்கும் பரவும். தார் பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. சிமென்ட் மரத்தோடு சேர்ந்து அசையாது. இடையில் விரிசல் விட்டு ஈரம் தங்கும்.

“வனத்துறையே பயன்படுத்துற மருந்து” என்றும் சொல்வார்கள். யூரியா, போரேட் கரைசல்கள் உண்டுதான். ஆனால் அவை புதிதாக வெட்டிய அடிக்கட்டையில் ஹெட்டரோபேசிடியன் என்ற வேறொரு வேரழுகல் பூஞ்சையின் விதைத்தூள் விழுந்து முளைக்காமல் தடுப்பதற்கு. ஏற்கெனவே உளுத்த மரத்தை அவை குணமாக்காது.

முறையாகப் பார்க்கிறவர் முதலில் சுத்தியலால் தட்டிக் கேட்பார், வேர்ப்பகுதியைத் தோண்டிப் பார்ப்பார். தேவைப்பட்டால் மெல்லிய துளைக்கருவியாலோ ஒலி அலைக் கருவியாலோ நல்ல கட்டை எத்தனை தடிமன் மிச்சம் என்று அளந்து எழுதிக் கொடுப்பார். அந்த அளவு இல்லாத சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: “காத்து அடிச்சா நாங்க என்ன பண்றது?”