வயல் தரவு: ஒப்பந்தமா, திறந்த உரிமமா, சங்கத்துக் கணினியா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு கமக்காரர் அமைப்பின் கொப்பியில் என்ன இருக்கும்? சிறுபோகத்துக்கு எந்த வாய்க்கால் எப்போது திறந்தது, எந்தக் காணியில் என்ன நெல், ஏக்கருக்கு எத்தனை மூடை. பல்கலைக்கழகமும் கேட்கும், அரிசி ஆலையும் கேட்கும். சிறுநீரக நோயை ஆராய்பவர்கள் கிணற்று நீர்க் கணக்கோடு சேர்த்துக் கேட்பார்கள்.

"எங்கட தரவு, எங்கட சொத்து" என்ற பேச்சு சட்டத்தில் பாதிதான் எடுபடும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவுக்குப் பதிப்புரிமை தருவதில்லை. தெரிவிலும் ஒழுங்கமைப்பிலும் சொந்த ஆக்கம் இருந்தால் தொகுப்பைக் காக்கும். உள்ளே இருக்கும் இலக்கங்களை அல்ல.

அதனால் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமம் (நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதி) இலக்கங்களுக்குப் பெரிய வேலி அல்ல. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. வணிகத் தடை இல்லாத உரிமமென்றால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு ஆலைக்காரர் விற்கலாம். குளத்து நீர்மட்டம், வாய்க்கால் திறந்த திகதி போன்றவற்றுக்கு இது போதும். யாருக்கும் நட்டமில்லை.

ஒப்பந்தம் இறுக்கமானது, ஆனால் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். ஆலை உரக் கம்பனிக்குக் கைமாற்றினால், உரக் கம்பனி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே நோக்கம், மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கத் தடை, அழிக்கும் திகதி, மீறினால் இழப்பீடு எல்லாம் எழுத்தில் வேண்டும். வழக்கமாகத் தவறுவது அழிக்கும் வாசகத்தில்தான்: மூலக் கோப்பு அழியும், பிரதிகளும் அதிலிருந்து செய்த கணினி மாதிரியும் மிஞ்சும். அவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மூன்றாவது வழி, தரவை வெளியே விடாமல் சங்கத்துக் கணினியிலேயே வைத்து, கேட்பவருக்கு அட்டவணையை மட்டும் கொடுப்பது. மெதுவானது, கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் போனதும் எல்லாம் நின்றுவிடும். ஆனாலும் பெயருள்ள பதிவுக்கு இதைத்தான் சொல்வேன். காரணம், பெயரை நீக்கினால் மட்டும் ஆள் மறைவதில்லை. ஒரு வாய்க்காலில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தவர் ஒருவர்தான் என்றால் ஊரே சொல்லிவிடும். காணியின் ஆள்கூற்றில் (அகலக்கோடு, நெடுங்கோட்டுப் பாகைகளில்) நான்கு தசமதானம் சுமார் 11 மீற்றர், அதாவது வரம்பு வரை காட்டும். இரண்டாகக் குறைத்தால் 1.1 கிலோமீற்றர். அட்டவணையில் பத்துப் பேருக்குக் குறைந்த கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

நோயாளர் விவரம் கலந்தால் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு விசேட வகை. உர மானியப் படிவத்தில் வைத்த கையெழுத்தை நோய் ஆராய்ச்சிக்கான சம்மதமாக எடுக்க முடியாது. தனிப் படிவம் வேண்டும்.

விதைத் தெரிவுக் குறிப்புகளை எந்த வழியிலும் சும்மா கொடுக்காதீர்கள். இங்கே தாவரத்துக்குப் பேட்டன்ட் கிடையாது. அந்தக் குறிப்புக்கு இருக்கும் காப்பு வெளியிடப்படாத தகவல் என்பதுதான். ஒருமுறை இணையத்தில் ஏறினால் அதுவும் போய்விடும்.