ஏழு வருஷப் புல்தரை: காசு கொடுத்து வாங்கியது போச்சு, வாங்காதது நிற்கிறது

போன வாரம் நண்பன் போன் செய்தான். காங்கேயம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், முன்னால் கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறானாம். "மாப்ளே, உங்க வீட்டு முன்னால இருக்கற புல்லு என்ன ரகம்டா? போட்டோல அப்படியே மெத்தை மாதிரி இருக்குது" என்றான். அவன் பார்த்தது நான் மார்கழியில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்த போட்டோ. மார்கழியில் எங்கள் ஊரில் ரோட்டோரம்கூடப் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரையில் எடுத்த போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது.

அவன் கூப்பிட்ட நேரம் நான் களைக்கொத்தோடு குத்தவைத்துக் கோரை தோண்டிக்கொண்டிருந்தேன். அதனால் இதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் வீடு. மழை மறைவுப் பிரதேசம். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப்பக்கம் மழை கொட்டும், எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும். காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, புல்லுக்கு ஆகாது. வெயிலைவிட அந்தக் காற்றுதான் மண்ணைச் சீக்கிரம் காயவைக்கிறது.

இது தெரிந்தும் எப்படிப் புல்தரை போட்டாய் என்று கேட்டால், 2018ஐத்தான் குற்றம் சொல்வேன். அதற்கு முன்னால் வந்த வறட்சி நினைவிருக்கும். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே மேட்டூர் நிரம்பியதும் எல்லாம் மறந்துவிட்டது. வீடும் அப்போதுதான் முடிந்தது. 500 சதுர அடிக்குக் கொரியன் புல், கார்ப்பெட் மாதிரி துண்டு துண்டாக வந்து இறங்கியது. எங்கள் நிலம் ஒரு சாண் தோண்டினால் சுக்காங்கல். அதற்கு மேலே பரப்ப இரண்டு டிப்பர் செம்மண். "சலிச்ச மண்ணுங்க, கிழங்கு ஒண்ணுகூட இருக்காதுங்க" என்றார் போட்டுக்கொடுத்தவர். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பா அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் காட்டில், அதாவது விளைநிலத்தில், பாடுபட்டவர். "புல்லுப் புடுங்கிப் புடுங்கிச் சலிச்சுப்போயித்தான் உன்னையப் படிக்க வெச்சேன். நீ காசு குடுத்துப் புல்லு நடறயா?" என்றார். யாரிடமும் பதில் இல்லை.

இருபதாம் நாள் காலையில் முதல் கோரை வந்தது. மெத்தைக்கு நடுவில் நாலைந்து இளம்பச்சை ஈட்டி. நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அழகுதான், எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். தண்டை இரண்டு விரலில் வைத்து உருட்டினால் உருளாது, மூன்று பட்டை. பிடுங்கினேன். 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த 'டொக்' என்பதே கிழங்கைக் கீழே விட்டுவிட்டுத் தண்டு மட்டும் அறுந்த சத்தம் என்று தெரியவே ஒரு வருஷம் ஆனது.

கோரைக்கிழங்கு தனியாக இருப்பதில்லை. கம்பி மாதிரி மெல்லிய வேரில் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். தலைக்கிழங்கு முளைத்து நிற்கும்வரை பின்னால் இருப்பவை தூங்கும். நாம் பிடுங்கித் தொடுப்பை அறுத்துவிட்டால் தூங்கினதெல்லாம் எழுந்துகொள்ளும். ஆக, ஒன்றைப் பிடுங்கி மூன்றை எழுப்பிவிட்டிருக்கிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல். ஞாயிறு மெஷின் ஓட்டிச் சமமாக வெட்டினால், செவ்வாய்க்கிழமை கோரை மட்டும் இரண்டு விரல் உயரம் மேலே நின்று என்னைப் பார்க்கும். அப்பாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காடாக இருந்தால் கோடை உழவு ஓட்டிக் கிழங்கைப் புரட்டி வெயிலில் காயப்போடுவார்கள். என் வாசலில் எங்கே ஏர் ஓட்டுவது?

இந்த லட்சணத்தில் ஒருநாள் என் மனைவி, குழந்தைக்கு நலங்கு மாவு அரைக்க நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு நூறு கிராம் வாங்கி வந்தாள். காசு கொடுத்து! பொட்டலத்தைப் பார்த்துவிட்டு நான் அரைமணி நேரம் பேசவில்லை.

மருந்தும் அடித்தேன். கரும்புக்காட்டில் கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்ஃப்யூரான் என்கிற களைக்கொல்லிதான், புல்லைக் கருக்காமல் கோரையை மட்டும் பிடிக்கும். உடனே தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கோரை மஞ்சளாகிச் சாய்ந்தது. நியாயமாகச் சொன்னால் வேலை செய்கிறது. ஆரம்பத்தில் இருந்ததில் இப்போது கால்வாசிகூட இல்லை. ஆனால் தூங்குகிற கிழங்குக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. அடுத்த மழையில் அது எழும், நான் மறுபடியும் அடிப்பேன். அடித்த பிறகு வெட்டுகிற புல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் கொடுக்க மாட்டேன், அந்த வீட்டுப் பாட்டி என்னைத் திட்டும்.

சரி, கொரியன் புல்லுக்கு வருகிறேன். அதைக் கெட்ட புல் என்று சொல்ல மனசில்லை. தண்ணீர் இருந்த ஆறு மாதம் வெறுங்காலில் நடக்க அதுபோல் சுகம் இல்லை. ஆனால் மெதுவாக வளருகிற ஜாதி. ஒரு இடம் காய்ந்து சொட்டையானால் அதை மூட மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் கோரை பட்டா வாங்கிவிடும். 2019 கோடையில் எங்கள் போர்வெல் தண்ணீர் இறங்கிப்போனது. வீட்டுக்கே லாரித் தண்ணீர். புல்லுக்கு ஊற்ற எனக்கே கூச்சமாக இருந்தது, பங்குனி கடைசியில் நிறுத்திவிட்டேன். மே மாதத்தில் அது வைக்கோல் நிறத்துக்கு வந்தது. முதல் கோடை மழை பெய்ததும் ஒவ்வொரு நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாளே கோரை வந்துவிட்டது, அதைச் சொல்லவே வேண்டாம். பத்தாம் நாள் கிழக்கு மூலையில் திட்டுத் திட்டாக அசல் பச்சை. கிட்டப்போய்ப் பார்த்தால் அருகம்புல்.

நான் நட்டதில்லை. பிள்ளையாருக்கு வைத்த அருகை அம்மா அந்த மூலையில்தான் கொட்டுவார், அதில் ஏதோ கணு வேர்விட்டிருக்க வேண்டும். மண்ணுக்கு மேலே ஒரு கொடி, மண்ணுக்கு அடியில் ஒரு கொடி என்று இரண்டு வழியிலும் போகிறது. காய்ந்தால் மேலே செத்த மாதிரி கிடக்கும், அடியில் உயிர் இருக்கும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்தும்போது நான் அட்சதைத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இரண்டு வருஷத்தில் முக்கால்வாசி இடம் அருகாகிவிட்டது. பெர்முடா புல் என்று வெளிநாட்டு மைதானங்களில் போடுவதும் இந்த இனம்தானாம். அப்பா கேட்டுவிட்டு, "காட்டுல அதைய ஒழிக்கறதுக்குத்தான் பாதி ஆயுசு போச்சு" என்றார்.

வேப்பமர நிழலில் மட்டும் அருகு வரவே இல்லை. மூன்று முறை நட்டுப் பார்த்துவிட்டுக் கல் பதித்துவிட்டேன்.

நண்பன் தண்ணீர்க் கணக்கு கேட்டான், சொல்கிறேன். முதலில் தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்து மேலோட்டமாக நனைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு, வேர் மேலேயே சொகுசாக நின்றுவிடும். இப்போது கோடையிலும் வாரம் இரண்டே தடவை, விடியற்காலையில், ஆழமாக. ஸ்பிரிங்க்ளருக்கு அடியில் அடி தட்டையான எவர்சில்வர் கிண்ணம் வைத்து ஸ்கேலால் அளந்தேன், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சுற்றி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 500 சதுர அடிக்கு வாரம் 1,100 லிட்டர்போல ஆகிறது. 12,000 லிட்டர் லாரி ஒன்று பத்துப் பதினோரு வாரம் வரும். இதைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோடையில் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் விட்டால் அதுவே மண்ணுக்கு நிழல் தரும்.

போர் தண்ணீர் எங்களுக்குச் சப்பைத் தண்ணீர். மழையில்லாத மாதங்களில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், புல் நுனி கருகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒரு மூலைக்கு விட்டேன். அந்த உப்பெல்லாம் கூடிச் சேர்ந்த தண்ணீர் அது என்று யோசிக்கவில்லை, மூலை மஞ்சளாகிவிட்டது. அதற்கு நேர்மாறாக, ஏசி குழாய் சொட்டுகிற இடத்தில் சோற்றுத்தட்டு அளவு ஒரு வட்டம் இருக்கிறது. அதில் உப்பே கிடையாது. சித்திரை வெயிலிலும் அங்கே இருக்கிற பச்சை, ஊட்டியில்கூடப் பார்த்ததில்லை. காபியை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கவே தினமும் வெளியே வருகிறேன்.

மெஷினைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிளேடைச் சாணை பிடித்து வைத்தால் போதும்.

அவனிடம் கடைசியாகச் சொன்னது: போடாதே. நாலு செம்பருத்தி, ஒரு மாதுளை, மீதிக்குச் சரளைக்கல். முதுகு தப்பிக்கும். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ளே, ஐப்பசில ஒரு மூட்டை அருகு வெட்டிக் குடு" என்றான்.

சரி என்றிருக்கிறேன். மண்ணை முழுக்க உதறி, கழுவி, வெறும் கொடியாகத்தான் கொடுப்பேன். ஒரு கிழங்கு கூடப் போனாலும் ஏழு வருஷம் கழித்து என்னைப் பற்றி அவன் எழுதுவான்.