பென்டிரைவா, வாட்ஸ்அப்பா, லிங்க்கா? மாங்கா மண்டிக்கு சாஃப்ட்வேர் கொண்டு சேர்க்கிற பாடு

கிருஷ்ணகிரி சுத்துவட்டாரத்துல மாங்கா மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தர்றேன், கம்பெனி எல்லாம் இல்ல, நானும் ஒரு லேப்டாப்பும்தான். எழுதுறது கூட பரவாயில்லங்க, எழுதினத கொண்டுபோய் சேர்க்கிறதுதான் பெரும்பாடு. ஒருத்தர் கமிஷன் கழிக்கிறது ஒரு மாதிரி, இன்னொருத்தர் ஆள் கூலிய தனி வரியா காட்டணும்பார், ஆந்திரா வியாபாரி வர்ற மண்டிக்கு பில் தெலுங்குல வேணும், ஓசூர் பக்கம்னா கன்னடம். கல்லாவுல விண்டோஸ், எடை போடுற இடத்துல ஆண்ட்ராய்டு போன். ஒரே சாஃப்ட்வேர், ஆனா ஆளுக்கு ஒரு சட்ட தைக்கணும்.

டிவிடிய பத்தி பேசவே வேணாம். இப்ப வர்ற லேப்டாப்புல டிரைவே கிடையாது, என் வீட்டு பரண்ல ஒரு பெட்டி எழுதாத டிஸ்க் கெடக்கு, யாராவது கேட்டா சும்மாவே தந்துடுவேன்.

பென்டிரைவ் அப்படி இல்ல. அஞ்செட்டி பக்கம் மலைமேல சிக்னல் வந்து வந்து போற எடத்துல அதுதான் தெய்வம். பென்டிரைவ் ஃபைல அடுக்கி வைக்கிற முறை ஃபேட்32ன்னு இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்ங்கிற முறைக்கு மாத்திக்கணும், அது சின்ன விஷயம். விண்டோஸ் 7ல இருந்தே பென்டிரைவ் சொருகினதும் தானா ஓடுறது நின்னுபோச்சு, அதனால எந்த ஃபைல கிளிக் பண்ணணும்னு பேர்லயே "இத அழுத்துங்க"ன்னு வச்சிருக்கேன். ஒருக்கா ஒரு பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுக்க அதே பென்டிரைவ சொருகிட்டு நேரா மண்டிக்கு போனேன், வைரஸ் ஏறி ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கெடந்துச்சு, அந்த அண்ணன் என்னைப் பாத்த பார்வை இருக்கே! இது எல்லாத்தையும் விட மோசம் என்னன்னா, சீசன் நடுவுல ஒரு தப்பு கண்டுபிடிச்சா மண்டி மண்டியா பைக்க ஓட்டணும்.

வாட்ஸ்அப்ப எல்லாருக்கும் பிடிக்கும். 2 ஜிபி வரைக்கும் போகும், "தம்பி அனுப்பிடு"ன்னா முடிஞ்சுது. எனக்கு மட்டும் அதக் கண்டா ஆகாது. ஒரு மண்டிக்குன்னு செஞ்ச ஏபிகேவ, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல, அவர் மச்சானுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டார், மச்சான் மண்டியில பில் எல்லாம் இவர் பேர்ல வந்துச்சு, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். அப்புறம் லேப்டாப் மாத்தினப்ப ஏபிகே நான் செஞ்சதுதான்னு டிஜிட்டல் கையெழுத்துப் போடுற பழைய கீயை, அது ஒரு ரகசிய ஃபைல், எடுத்து வைக்கல. வேற கீயில கையெழுத்துப் போட்டா ஆண்ட்ராய்டு அத அப்டேட்னே ஒத்துக்காது, பழசத் தூக்கிட்டுதான் புதுசு ஏறும், தூக்கினா உள்ள இருந்த கணக்கும் போயிடும். அந்த வாரம் பூரா நோட்டுல இருந்து திருப்பி டைப் பண்ணினது நான்தான். கீயை இப்ப மூணு எடத்துல வச்சிருக்கேன்.

மெயில்ல அனுப்பலாமேன்னு கேப்பீங்க, விண்டோஸ்ல ஓடுற இஎக்ஸ்இ ஃபைல சிப் போட்டு அனுப்பினாலும் ஜிமெயில் விடாது. லிங்க் குடுத்தா டவுன்லோட் ஆயிடும், ஆனா கையெழுத்து இல்லாத இன்ஸ்டாலருக்கு விண்டோஸ் நீல கலர்ல ஒரு எச்சரிக்கை காட்டும், உடனே போன் வரும், "தம்பி, வைரஸ்னு சொல்லுதே". அந்த கையெழுத்துக்கு சர்டிபிகேட் வாங்கிட்டா மரியாதையா இருக்கும், வருஷா வருஷம் காசு, அதுவும் 2023 ஜூன்ல இருந்து கீயை டோக்கன் மாதிரி பாதுகாப்பான தனி கருவியில வைக்கணும்னு ஆக்கிட்டாங்க. என் வரும்படிக்கு அது கட்டல.

பிளே ஸ்டோர் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிள்காரனுக்கு வருஷத்துக்கு 99, அது கெடக்கட்டும், எந்த மண்டிக்காரரும் ஐபோன்ல எடை போடல. பிளே ஸ்டோர்ல தனிநபரா புதுசா கணக்கு தொறந்தா 12 பேர் 14 நாள் விடாம டெஸ்ட் பண்ணணும், சொந்தக்காரங்கள எல்லாம் புடிச்சு சேத்தேன். ஆனா லோகோவ மட்டும் மாத்தி மண்டிக்கு ஒரு ஆப்னு போட விடமாட்டாங்க, ஒரே சரக்க திருப்பித் திருப்பி போடுறான்னு தூக்கிடுவாங்க.

பிரவுசர்லயே ஓடுற மாதிரி வச்சா ஒரே எடத்துல மாத்தினா போதும், கேக்க நல்லாத்தான் இருக்கு, லோடு ஏத்தி லாரி நிக்கிறப்ப நெட் போனா டிரைவர் வாயில நான்தான் விழுவேன்.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டுக் குடுத்தேன். பழைய 32 பிட் மெஷின், அதனால லினக்ஸ்லயே ஒரு வகையான டெபியன் 12, அதுக்கப்புறம் வந்த 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே இல்ல. சாஃப்ட்வேரையும் சேத்து ஒரே ஐஎஸ்ஓவா, அதாவது முழு இன்ஸ்டால் டிஸ்க்கையும் ஒரே ஃபைல்ல அடக்கினதா, செஞ்சு பென்டிரைவ்ல எழுதி இன்ஸ்டால் பண்ணிட்டு வந்தேன், இன்னிக்கு வரை போனே பண்ணல மனுஷன்.

சட்டைய தனியா கழட்டினதுக்கு அப்புறம்தான் எனக்கு நிம்மதி. சாஃப்ட்வேர் எல்லாருக்கும் ஒண்ணுதான், போனுக்கு பிளே ஸ்டோர், கல்லாவுக்கு லிங்க், மலைக்கு பென்டிரைவ். மண்டி பேரு, லோகோ, கமிஷன், பாஷை இதெல்லாம் தனியா ஒரு குட்டி ஃபைல்ல, அதுல மண்டிக்கு ஒரு நம்பர், நம்பர் சேரலன்னா ஏத்துக்காது, அத வாட்ஸ்அப்புலயே அனுப்பிடுறேன், மச்சானுக்கு ஃபார்வர்டு பண்ணாலும் பண்ணிக்கட்டும். பில்லுக்கு அடியில வெர்ஷன் நம்பரும் அச்சாகுது. போன் வந்தா மொதல்ல "அண்ணா, பில்லுல கடைசி வரியப் படிங்க"ன்னு கேக்கிறேன், பாதிப் பேர் கடை போன் நம்பரத்தான் படிக்கிறாங்க.