அண்டார்டிகா கப்பல் பேக்கேஜ்: இறங்கும் நாளும் கோவை வந்து சேரும் வழியும்

அண்டார்டிகா பேக்கேஜ் விற்பவர்கள் தரும் புத்தகத்தில் பென்குவினுக்கும் பனிப்பாறைக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். கடைசி நாளுக்கு ஒரே வரி: "காலை உணவுக்குப் பின் உஷுவாயாவில் இறங்குதல்." உஷுவாயா அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுக ஊர். அந்த வரிக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே, எல்லாம் பொருந்தி வந்தாலும், 45 மணி நேரம் போல ஆகும். அதில் பெரும்பகுதி பயணியின் பொறுப்பு, பயணியின் செலவு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து இந்த 10 இரவு சிறு கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டப்போகிறவர்கள், பனியைப் பற்றிக் கேட்பதைவிட இந்தப் பின்பாதியைப் பற்றிக் கேட்பது நல்லது. பனியில் எந்தக் கப்பலும் பெரிதாகக் குறை வைப்பதில்லை. கோட்டை விடுவதெல்லாம் திரும்பும் வழியில்தான்.

கடைசியாகக் கரையிறங்கும் இடம் பெரும்பாலும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளில் இருக்கும்: டிசெப்ஷன் தீவு, ஹாஃப் மூன் தீவு போன்றவை. திட்டத்தில் இருப்பதாலேயே அது நடக்கும் என்று எண்ண வேண்டாம். அண்டார்டிகாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையில் ஒரு புயல் போய் அடுத்தது வருவதற்குள் கடந்துவிட வேண்டுமென்று கேப்டன் அரை நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவதுண்டு. அதற்குப் பணம் திரும்ப வராது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். இதைக் கப்பலின் குறையாகச் சொல்ல முடியாது. ஆறு மீட்டர் அலையில் இரண்டு நாள் கிடப்பதா, ஒரு கரையிறக்கத்தை விடுவதா என்றால் இரண்டாவதுதான் லாபம்.

அந்த கடைசிக் கரையிலிருந்து ஏறும்போது சுத்தம் செய்யும் வேலை கொஞ்சம் நீளும். பூட்ஸ் அடிப்பள்ளங்களில் சிக்கிய கூழாங்கல்லைக் கம்பியால் நோண்டி எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, விர்கான் கலந்த கிருமிநாசினித் தண்ணீரில் முக்க வேண்டும். சட்டையின் வெல்க்ரோ, கேமரா முக்காலியின் கால், முதுகுப்பையின் அடிப்பாகம் ஆகிய மூன்றும்தான் விதையும் எச்சமும் ஒட்டிக்கொள்ளும் இடங்கள். கல், இறகு, எலும்பு எதையும் எடுத்து வரக்கூடாது. ஒரு கூழாங்கல்தானே என்று பையில் போட்டுக்கொள்வது அங்கே சட்ட மீறல். வாடகை பூட்ஸை அன்றே வாங்கிக்கொள்வார்கள். மேலே போடும் தடித்த குளிர் அங்கியான பார்கா மட்டும் பல கப்பல்களில் பயணிக்கே சொந்தம்.

பெட்டி கட்டும் நேரம் எது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கடைசிக் கரையிறக்கம் முடிந்த அன்று மாலை, கப்பல் தீவுகளின் மறைவில் இருக்கும்போதே, கனமானதையெல்லாம் கட்டி முடித்துவிட வேண்டும். டிரேக்கில் புகுந்தபின் தரையில் குனிந்து சூட்கேஸுக்குள் பார்த்தால் பத்தே நிமிடத்தில் குமட்டல் வரும். ஈரத்துணியை முதல் நாளே அறைக் குளியலறையில் உலர்த்தத் தொடங்கினால்தான் கட்டும்போது காய்ந்திருக்கும். இங்கே ஒரு சங்கடமான உண்மை: நம்ம திருப்பூர் பருத்தி பனியனை உள்ளே போட்டுப் போனவர்களுக்குத்தான் காயாத துணி அதிகம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விடாது. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடை ஓரிரவில் காய்ந்துவிடும்.

டிரேக்கைக் கடக்க 36 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுகிறவர்களுக்கு இங்கேயும் சுற்றும். வால்பாறையில் வண்டியை நிறுத்தி இறங்கலாம், இங்கே முடியாது. அவோமின் போன்ற வாந்தி தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேட்பது நல்லது. பால்கனி வைத்த மேல்தளத்துக்குக் கூடுதல் பணம் வாங்குகிறார்கள், ஆனால் அதிகம் ஆடுவதும் அதுதான். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். கதவு விளிம்பில் விரலை வைக்கக்கூடாது. திரும்பும் வழியில் நடக்கும் காயங்களில் கதவு நசுக்கிய விரல் மிகச் சாதாரணம்.

இந்த இரண்டு நாளைக் கப்பல் எப்படி நடத்துகிறது என்பதில்தான் நல்ல நிறுவனம் எது என்று தெரியும். நல்ல கப்பலில் விரிவுரை நடக்கும், பயணிகள் எடுத்த திமிங்கில வால் படங்களை ஹேப்பிவேல் இணையதளத்தில் ஏற்றி அடையாளம் காண உதவுவார்கள், பயண வரைபடத்தை ஏலம் விட்டுப் பணத்தைப் பாதுகாப்புப் பணிகளுக்குக் கொடுப்பார்கள். மட்டமான கப்பலில் மதுக்கடையும் அடுத்த சீசன் தள்ளுபடி விற்பனையும்தான். வெஜிடேரியன் சாப்பாடு பெரும்பாலான கப்பல்களில் உண்டு, ஆனால் முன்பதிவிலேயே எழுதித் தர வேண்டும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் மூடிய பாக்கெட்டில் கப்பலுக்குள் எடுத்துப் போகலாம். கரைக்கு எந்த உணவும் போகக்கூடாது.

கணக்கு முடிப்பது கடைசிக்கு முந்தைய இரவு. பானம், சலவை, இணையம் எல்லாம் அமெரிக்க டாலரில் வரும். டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 16 டாலர் என்று பல கப்பல்கள் தாமாகவே கணக்கில் சேர்த்துவிடும். 10 நாளுக்கு இருவர் என்றால் 300 டாலர் பக்கம் ஆகும்; பேக்கேஜ் விலையில் அது அடக்கமா என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திறந்துவிட வேண்டும். கடலில் மொபைல் சிக்னல் இல்லை, ஓ.டி.பி. வராது, வரவேற்பு மேசை முன் கார்டு மறுக்கப்பட்டு நிற்பது அழகாக இருக்காது. ஏறும்போது வாங்கி வைத்த பாஸ்போர்ட்டை இறங்கும் முன் திருப்பித் தருவார்கள். வாங்கியதும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உஷுவாயாவுக்குப் போகும் பீகிள் கால்வாய்க்குள் நுழைந்ததும் ஆட்டம் நின்றுவிடும். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறுவார். டிரேக் சாதுவாக இருந்தால் முந்தைய மாலையே உஷுவாயா துறைமுகத்தில் கட்டிவிடுவார்கள், ஆனாலும் இரவு கப்பலிலேதான். பெட்டியில் கலர் டேக் கட்டுவது முக்கியம்: விமான நிலையத்துக்கு ஒரு நிறம், நகரில் காத்து வைக்க ஒரு நிறம். நிறம் மாறினால் பெட்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போக நேரிடும். காலை 8 மணி வாக்கில் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள், அன்று மாலையே அடுத்த கூட்டம் ஏற வேண்டும். விமான நிலையம் நகரிலிருந்து பத்து நிமிடத் தூரம்தான், இருந்தாலும் நண்பகலுக்கு முந்தைய விமானத்தை எடுக்க வேண்டாம்.

இங்கிருந்துதான் பேக்கேஜின் பலவீனம் தொடங்குகிறது. உஷுவாயாவிலிருந்து தலைநகர் புவனோஸ் ஐரிஸுக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். இந்த விமானங்களில் பல ஊருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயில் இறங்கும். பன்னாட்டு விமானம் கிளம்புவது நகருக்கு வெளியே உள்ள எசெய்சாவில். நடுவே 35 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டும் ஒரே நிலையம் என்று எண்ணி இரண்டு மணி இடைவெளியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்டுகள் இங்கே இருக்கிறார்கள். டிக்கெட்டில் ஏ.ஈ.பி. என்றும் ஈ.இசட்.ஈ. என்றும் மூன்றெழுத்து வேறாக இருந்தால் குறைந்தது ஐந்து மணி இடைவெளி வேண்டும். அந்த ஊரில் விமானப் பணியாளர் வேலைநிறுத்தமும் அடிக்கடி நடப்பதால், புவனோஸ் ஐரிஸில் ஓர் இரவு தங்குவதே நிம்மதி. வெளிநாட்டுக் கார்டில் கட்டி பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஓட்டல் அறைக்கு 21 சதவீத வரி கழியும். கேட்டால்தான் கழிப்பார்கள்.

எடை அடுத்த சிக்கல். உள்நாட்டு விமானத்தில் மலிவு டிக்கெட்டுக்கு எடை வரம்பு குறைவு. கோவையிலிருந்து 23 கிலோ பெட்டியோடு போனவர், பார்காவும் சேர்ந்தபின் அங்கே பணம் கட்டுவார். உஷுவாயா முதல் இந்தியா வரை ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பெரும்பாலும் பன்னாட்டு அளவே முழு வழிக்கும் செல்லும். அதை டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறதா என்று பார்க்கவும். பவர் பேங்கும் கேமரா பேட்டரியும் கைப்பையில். சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு: "கார்னே" (இறைச்சி) இல்லாமல் என்று கேட்டால் மாட்டிறைச்சி மட்டும்தான் நீங்கும், கோழியும் பன்றியும் வரலாம். எம்பனாடா என்பது உள்ளே பூரணம் வைத்த பலகாரம்; சோளம் வைத்த உமிதா எம்பனாடா, சீஸ் எம்பனாடா இரண்டின் உள்ளேயும் பொதுவாக இறைச்சி இருக்காது, ஆனால் மாவில் மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "கிராசா" என்று எழுதிய மெதியலூனா (பிறை வடிவ ரொட்டி) கொழுப்பில் செய்தது. "மன்தேகா" என்றால் வெண்ணெய்.

விசா பல நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். கப்பல் ஏறும்போது அர்ஜென்டினாவை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறோம். ஒற்றை நுழைவு விசா பாதி வழிக்குத்தான்.

இதையெல்லாம்விட அதிகம் மறக்கப்படுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. அர்ஜென்டினா, பிரேசில் இரண்டும் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் உள்ளவை. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பென்குவின் பார்க்கப் போனவரிடம் கொசுநோய் அட்டை கேட்பது வேடிக்கைதான், ஆனால் சுகாதார அதிகாரி போன காரணத்தைக் கேட்பதில்லை, வந்த நாட்டைத்தான் பார்ப்பார். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அட்டை செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும், இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இனிஷியலை ஒன்றில் சுருக்கி, இன்னொன்றில் விரித்து எழுதுவது நம்ம பக்கம் வழக்கமான தவறு.

கடைசிக் கட்டம் எந்த ஊரில் இறங்குவது என்பது. கோவைக்கு நேரடி வெளிநாட்டு விமானம் சில ஊர்களிலிருந்து மட்டுமே. தென் அமெரிக்காவிலிருந்து வளைகுடா வழியாக வருபவர்களுக்குக் கொச்சிதான் கை கொடுக்கும். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து திருச்சூர், குதிரான் சுரங்கம், பாலக்காடு, வாளையாறு வழியாகக் கோவைக்கு நான்கு மணி நேரம் போல ஆகும். பொள்ளாச்சிக்காரர்கள் பாலக்காட்டிலேயே பிரிந்துவிடலாம். ரயில் வேண்டுமென்றால் ஆலுவாவில் ஏறலாம். சேலம், நாமக்கல் பக்கத்தார் பெங்களூரு டிக்கெட்டையும் விலை பார்ப்பது நல்லது. எதுவானாலும் காரை நிலையத்தில் விட்டுப் போய், திரும்பி வந்து தானே ஓட்டும் திட்டம் வேண்டாம். எட்டரை மணி நேர வித்தியாசத்தில் உடல் இருக்கும். கப்பல் ஆட்டமும் ஓரிரு நாள் காலடியில் ஒட்டியிருக்கும், நின்றுகொண்டிருக்கும்போதே தரை மெல்ல அசையும். ஓட்டுநரை வரச் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் கேட்டால்: கப்பலுக்குள் 5-க்கு நாலரை, இறக்கிவிட்ட பிறகு இரண்டு. அந்த இரண்டும் பெட்டி டேக் முறைக்காகத்தான்.