ஈரி கால்வாயா, ரயிலா?

அந்தக் காலத்து அமெரிக்காவில் சரக்கு அனுப்ப எது மேல் என்று கேட்டால், கூலியை மட்டும் பார்த்தால் கால்வாய் லேசுப்பட்டதில்லை. 1825-ல் திறந்த ஈரி கால்வாய் ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல். குதிரை வண்டியில் ஒரு டன் சரக்கு அனுப்ப ஏறக்குறைய 100 டாலர் ஆன இடத்தில் செலவைச் சுமார் 10 டாலருக்கு இறக்கிவிட்டது. நியூயார்க் துறைமுகம் பெருத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் கோவேறு கழுதை கரையில் நடந்து படகை இழுக்கிற வேகம்தான், அப்புறம் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். தண்ணீரே இல்லாத ஊருக்கும் தண்டவாளம் போடலாமே! 1830-ல் நியூயார்க்கிலிருந்து சிகாகோ போய்ச்சேர மூன்று வாரம், 1857-ல் ரயிலில் இரண்டே நாள். 1869-ல் யூட்டாவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. 1883-ல் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்ததுகூட ரயில் கம்பெனிகள்தான், அரசாங்கம் அதற்குச் சட்டம் போட்டது 1918-ல் (கடிகாரத்தையே மாற்றிய வியாபாரம் வேறெது?).

அதற்காக ரயில் வந்த மறுநாளே கால்வாய் செத்துவிடவில்லை, போட்டி தாங்காமல் 1882-ல் படகுகளிடம் வாங்கிய சுங்கத்தையே எடுத்துவிட்டு ஓட்டினார்கள். கோதுமைக்கு அவசரமில்லை, படகு போதும். சிகாகோ மாட்டிறைச்சிக்கு ஐஸ் வைத்த ரயில் பெட்டிதான் சரி.